பத்திரக்காரம்மா பதில்கள்: தாத்தாவை எந்தப் பதிவேட்டில் தேடுவது?

சார்பதிவாளராக இருந்து ஓய்வுபெற்ற நம் பத்திரக்காரம்மா, வழக்கமாக வில்லங்கம், பட்டா, பாகப்பிரிவினை பற்றித்தான் பதில் சொல்வார். இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதி 'எங்கள் முன்னோரை எங்கே தேடுவது?' என்று கேட்டிருந்தன. அதனால் எல்லாப் பக்கமும் அதற்கே.

லண்டனில் இருக்கும் என் மகன், தன் மனைவியின் கொள்ளுத் தாத்தா வீட்டை 1921 சென்சஸில் கணினியிலேயே பார்த்துவிட்டான். வீட்டில் யார் யார், என்ன வயது, என்ன வேலை என்று எல்லாம் இருக்கிறது. என் தாத்தா 1890 வாக்கில் பெருந்துறைப் பக்கம் பிறந்தவர். அவரை 1891, 1901 சென்சஸ்களில் எப்படிப் பார்ப்பது?
— வாசகர், ஈரோடு

பார்க்க முடியாது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நீங்கள் எழும்பூர் ஆவணக் காப்பகத்துக்கு ரயில் ஏறிவிடுவீர்கள்.

பிரிட்டனில் வீடு வீடாக எழுதிய தாள்களையே பாதுகாத்து வைத்து, 100 ஆண்டு கழித்துத் திறக்கிறார்கள். 1921 தாள்கள் 2022 ஜனவரியில் வெளிவந்தன. ஆனால் உங்கள் மகன் ரொம்பத் துள்ள வேண்டாம் என்று சொல்லுங்கள். இங்கிலாந்தின் 1931 தாள்கள் 1942ல் தீயில் போயின. 1941ல் போர் நடந்ததால் கணக்கே எடுக்கவில்லை. 1921க்கு அப்புறம் அவர் 1939 பதிவேட்டுக்குத்தான் தாவ வேண்டும். அது சென்சஸ் அல்ல. போர்க்காலத்தில் அடையாள அட்டை கொடுப்பதற்காக எழுதியது.

இங்கேயும் அதே வெள்ளைக்காரன்தான் கணக்கெடுத்தான். 1871ல் சென்னை மாகாணத்தில் எடுத்தார்கள். 1881 பிப்ரவரி 17 அன்று நாடு முழுக்க ஒரே நாளை வைத்து எடுத்தார்கள். உங்கள் தாத்தா வீட்டுக்கும் கண்டிப்பாக ஆள் வந்திருப்பார். ஆனால் அந்தத் தாள்கள் கூட்டிப்போட மட்டுமே. ஜில்லாவுக்கு இத்தனை ஆண், இத்தனை பெண், இந்தச் சாதி இத்தனை, இந்தத் தொழில் இத்தனை என்று தடித்தடிப் புத்தகமாக அச்சான பிறகு, மூலத் தாள்களைக் கழித்துவிட்டார்கள். சுதந்திரத்துக்குப் பிறகு எடுத்தவற்றுக்கு 1948 சென்சஸ் சட்டத்தின் 15ஆம் பிரிவு பூட்டுப் போட்டுவிட்டது. அந்தப் பதிவுகளை யாரும் போய்ப் பார்க்க முடியாது, கோர்ட்டில் பொதுவாகச் சாட்சியமாகவும் வைக்க முடியாது. 1931 சாதிக் கணக்கில் தாத்தா பெயர் இருக்குமா என்று கேட்டு வந்த மற்ற கடிதங்களுக்கும் இதுதான் பதில். அதில் உங்கள் சாதியின் தலை எண்ணிக்கை இருக்கும், உங்கள் தாத்தாவின் தலை இருக்காது.

ஆனால் அச்சான சென்சஸ் புத்தகங்களை ஒதுக்கிவிடாதீர்கள். ஆளைக் காட்டாவிட்டாலும் ஊரைக் காட்டும். எந்தத் தாலுகாவில் எந்தக் கிராமம் இருந்தது என்பதற்கு அவற்றைத்தான் புரட்ட வேண்டும். அடுத்த கேள்வியிலேயே அது உதவப் போகிறது.

என் அனுபவத்தில் கண்டது இதுதான். தலையை எண்ணியவன் பெயரை வைத்துக்கொள்ளவில்லை. யாருக்கு உங்கள் தாத்தாவிடமிருந்து ஏதாவது வரவேண்டியிருந்ததோ, அவன்தான் வைத்திருக்கிறான். வரி வாங்கியவன், கடன் கொடுத்தவன், கூலிக்குப் பிடித்தவன், பதிவுக் கட்டணம் வாங்கிய எங்கள் இலாகா. ஆகவே 'தாத்தாவை யார் எண்ணினார்கள்' என்பதை விட்டுவிட்டு, 'தாத்தாவிடம் யார் என்ன வாங்கினார்கள்' என்று யோசியுங்கள். பெருந்துறைப் பக்கம் அப்போது கோயம்புத்தூர் ஜில்லா. ஈரோடு தனி மாவட்டமாகப் பிரிந்தது 1979ல்தான். நிலம் இருந்திருந்தால், நிலவரி நிர்ணயிக்க எழுதிய பழைய செட்டில்மெண்ட் பதிவேட்டில் பட்டாதாராக வருவார். பிறப்புப் பதிவும் கேட்டுப் பாருங்கள். கிராம அதிகாரிகள் எழுதிய பழைய பிறப்பு இறப்புப் பதிவேடுகள் பல ஊர்களுக்குத் தாலுகா அலுவலகத்திலோ சார்பதிவகத்திலோ இருக்கின்றன. ஆனால் அதில் உங்கள் தாத்தாவின் பெயரைத் தேடாதீர்கள். பெயர் வைக்கும் முன்பே எழுதிய வரி அது, 'ஆண் குழந்தை' என்றுதான் இருக்கும். அவருடைய அப்பா பெயரைத் தேடுங்கள்.

டர்பனிலிருந்து ஒரு குடும்பம் எங்கள் ஊருக்கு வந்தது. கையில் ஒரு நகல். அதில் ஒரு நம்பர், பெயர், அப்பா பெயர், வயது 22, உயரம், இடது கன்னத்தில் தழும்பு, ஜில்லா வட ஆற்காடு, தாலுகா போளூர், அப்புறம் எங்கள் ஊர்ப் பெயர் மாதிரி ஒன்று. 'நாங்கள் உங்கள் சொந்தம்' என்று ஒரே அழுகை. நாங்களும் சாப்பாடு போட்டு அனுப்பினோம். நிஜமாகவே சொந்தமா என்று எப்படித் தெரிந்துகொள்வது? நிலத்தில் பங்கு கேட்பார்களோ என்று என் அண்ணன் வேறு பயப்படுகிறார்.
— வாசகி, போளூர் வட்டம்

அண்ணனை நிம்மதியாகத் தூங்கச் சொல்லுங்கள். நூறு வருஷத்துக்கும் மேலாக நீங்கள் அனுபவித்துவரும் நிலத்துக்கு டர்பனிலிருந்து வந்து பங்கு வழக்கு நடத்துவது நடக்கிற காரியமல்ல. விமான டிக்கெட் செலவுக்கே உங்கள் ஊரில் அரை ஏக்கர் வாங்கலாம், அவர்களுக்கு உங்கள் நிலம் எதற்கு?

அவர்கள் காட்டிய தாள் நேட்டால் (டர்பன் இருக்கும் தென்னாப்பிரிக்கப் பகுதி) கப்பல் பதிவேட்டின் ஒரு வரி. 1860 நவம்பர் 16 அன்று சென்னையிலிருந்து போன 'ட்ரூரோ' என்ற கப்பல் டர்பனில் நின்றது. அதில் தொடங்கி 1911 வரை 1,52,184 பேர் கரும்புத் தோட்டத்துக்கும் சுரங்கத்துக்கும் ரயில் வேலைக்கும் போனார்கள். பெரும்பாலோர் சென்னைத் துறைமுகத்தில் ஏறியவர்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு நம்பர், கைக்குழந்தைக்குக்கூட. அந்தப் பதிவேடுகள் தென்னாப்பிரிக்க ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. அங்குள்ள பல்கலைக்கழக ஆட்கள் பட்டியலைக் கணினியிலும் ஏற்றியிருக்கிறார்கள். அதனால்தான் இப்போது நிறையப் பேர் தாளும் கையுமாகத் திருவண்ணாமலைப் பக்கம் வருகிறார்கள்.

கன்னத்துத் தழும்பை ஏன் எழுதினான் என்று யோசித்தீர்களா? ஐந்து வருஷ ஒப்பந்தம், முதல் வருஷம் மாதம் 10 ஷில்லிங் கூலி. ஆள் தோட்டத்தை விட்டு ஓடிப்போனால் அடையாளம் சொல்லிப் பிடிக்க வேண்டாமா? அதற்குத்தான். நம் ஊர்க் கணக்குப் புத்தகத்தில் ஒரு பெண்ணின் பெயர் விதவையானாலொழிய வருவது அபூர்வம். கப்பல் பதிவேட்டிலோ அவளுக்கும் தனி நம்பர், அப்பா பெயர், உயரம், நெற்றியில் பச்சை குத்தியிருந்தால் அதுவும் உண்டு. கூலிக்குப் பிடித்தவனுக்கு ஆணென்ன பெண்ணென்ன.

சரி, சொந்தமா இல்லையா? முதலில் தேதியைப் பாருங்கள். 1866லிருந்து 1874 வரை நேட்டாலுக்குக் கப்பலே விடவில்லை. அந்த இடைவெளியில் போனதாக யாராவது சொன்னால் கதையில் ஓட்டை இருக்கிறது. உங்கள் வீட்டுப் பெரியவர்கள் 'தாது வருஷப் பஞ்சத்தில் ஒருத்தர் போய்ட்டார்' என்று சொல்வதுண்டா? தாது வருஷம் 1876-77. வட ஆற்காட்டைப் பஞ்சம் போட்டு வாட்டிய காலம். தாளில் இருக்கும் கப்பல் தேதி அதையொட்டி வந்தால் காதைத் தீட்டிக்கொள்ளுங்கள்.

அடுத்தது ஊர். இங்கேதான் பாதிப் பேர் தவறான வீட்டுக் கதவைத் தட்டுகிறார்கள். கப்பலேறும் முன் ஆட்களைத் தங்கவைத்த டிப்போவில் எழுத்தர் காதில் விழுந்ததை இங்கிலீஷில் எழுதினார். சொன்னவருக்கு அதைப் படித்துச் சரிபார்க்க வழியில்லை. 'நல்லூர்', 'புதூர்', 'பாளையம்' என்று முடியும் ஊர்கள் ஒரு தாலுகாவில் எத்தனை! போதாததற்கு அன்றைய வட ஆற்காடு ஜில்லாவுக்குத் தலைநகரமே சித்தூர். 1911ல்தான் சித்தூர் தனி ஜில்லாவாகப் போனது. தாலுகா பெயர் இல்லாத தாளாக இருந்தால் இன்றைய ஆந்திராவிலும் தேட வேண்டியிருக்கும். உங்கள் தாளில் போளூர் என்று இருப்பது பெரிய உதவி. பழைய சென்சஸ் கிராமப் பட்டியலை எடுத்து, போளூர் தாலுகாவில் காதுக்கு ஒத்துவரும் ஊர்களையெல்லாம் குறித்துக்கொள்ளுங்கள். உங்கள் ஊர் ஒன்றுதான் தேறினால் நல்லது. மூன்று தேறினால் மற்ற இரண்டு ஊர்க்காரர்களும் சாப்பாடு போட வேண்டியவர்கள்தான்.

அடுத்து அப்பா பெயர். ஊருக்குப் பத்து முனுசாமி இருப்பார்கள். அப்பா பெயரும் சேர்ந்தால்தான் ஆள் தனியாகத் தெரிவார். வயதை நம்பாதீர்கள், அது குத்துமதிப்பு. சாதிக் கட்டத்தையும் கொஞ்சம் சந்தேகத்தோடு பாருங்கள். கடன்காரனுக்கும் சொந்தக்காரனுக்கும் பயந்து ஓடியவர்கள் பெயரையும் சாதியையும் மாற்றிச் சொன்னதுண்டு. தழும்பை மட்டும் மாற்றிச் சொல்ல முடியாது. அவர்களுடைய இன்றைய குடும்பப் பெயரை வைத்தும் எதையும் முடிவு செய்யாதீர்கள். முதலில் போனவரின் பெயரோ அவர் அப்பாவின் பெயரோதான் அங்கே பல வீடுகளில் குடும்பப் பெயராக நின்றுவிட்டது.

உங்கள் பக்கம் என்ன பார்க்கலாம்? பத்திரப் பதிவு 1865லிருந்து இருக்கிறது. அந்தக் காலத்தில் அண்ணன் தம்பிகள் ஏதாவது விற்றிருந்தால், அடமானம் வைத்திருந்தால், பாகம் பிரித்திருந்தால் அந்தப் பத்திரத்தை எடுங்கள். 'எங்கள் இளைய சகோதரன் தேசாந்திரம் போய்விட்டபடியால்' என்று எழுதிய பாகப் பத்திரங்களை நான் படித்திருக்கிறேன். சும்மா எழுதமாட்டார்கள். காணாமல் போனவன் திரும்பி வந்து பங்கு கேட்டால் என்ன செய்வது என்ற பயத்தில், வாங்குகிறவன் வற்புறுத்தி எழுத வைப்பான். உங்கள் அண்ணனுக்கு இருக்கும் அதே பயம்தான். அந்த ஒரு வரி கிடைத்து, அப்பா பெயரும் ஒத்துப்போனால் எனக்கு அதற்குமேல் சாட்சி வேண்டாம்.

அவர்களிடம் இரண்டு கேள்வி கேளுங்கள். பதிவேட்டின் குறிப்புக் கட்டத்தில் 'இந்தியா திரும்பினார்' என்று இருக்கிறதா? சிலர் திரும்பியிருக்கிறார்கள், திரும்பியவருக்கு அங்கே வம்சம் எப்படி வந்தது என்று விசாரிக்க வேண்டும். இன்னொன்று, குலதெய்வம் எது? மூன்று நான்கு தலைமுறையில் பாஷை போய்விட்டது. ஆனால் டர்பன் பக்கத்து மவுண்ட் எட்ஜ்கூமிலும் இசிபிங்கோவிலும் மாரியம்மன் கோவில் கட்டி இன்றுவரை கும்பிடுகிறவர்கள் அவர்கள். வீட்டுச் சாமியின் பெயரைச் சொல்லும் பாட்டி யாராவது மிச்சம் இருக்கலாம். அது உங்கள் ஏரிக்கரைச் சாமியின் பெயராக இருந்தால் தாளைவிட அது பெரிசு. இரண்டு பக்கமும் விடாமல் ஆண்வழியாகவே வந்திருந்தால் ஒய் குரோமோசோம் சோதனையும் செய்யலாம். ஆனால் எச்சிலை எடுத்து அனுப்பும் முன்பு வீட்டில் எல்லோரையும் கேட்டுக்கொள்ளுங்கள், எதிர்பாராத செய்திகளும் வரும்.

(மொரிஷியஸ் போனவர்களைத் தேடும் காரைக்கால் வாசகருக்கு: மோக்காவில் உள்ள மகாத்மா காந்தி நிறுவனத்தில் கேளுங்கள். 1860களிலிருந்து போனவர் என்றால் புகைப்படமே கிடைக்க வாய்ப்புண்டு. பிஜி என்று எழுதிய வாசகிக்கு: சென்னையிலிருந்து பிஜிக்கு ஆள் கப்பல் 1903ல்தான் தொடங்கியது. உங்கள் வீட்டுக் கதையில் வரும் 1885ஐ மறுபடி விசாரியுங்கள்.)

வைத்தீஸ்வரன் கோவிலில் நாடி பார்த்தால் பாட்டன் பூட்டன் பெயரெல்லாம் வருமாமே?
— வாசகர், மயிலாடுதுறை

வரும். உங்களிடமே கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகு. அந்தக் காசுக்கு நான்கு நகல் மனு போடலாம்.

அம்மா, நீங்கள் எப்போதும் பட்டா, பத்திரம் என்றே சொல்கிறீர்கள். எங்கள் குடும்பத்துக்கு 1970 வரை ஒரு சென்ட் நிலம் கிடையாது. பண்ணையில் படியாளாக இருந்தவர்கள். சேரியில் இருந்தவர்களுக்கு எந்தப் பதிவேடு?
— வாசகர், திண்டிவனம்

நியாயமான கோபம். இந்தக் கேள்விக்கு நான் நீளமாகப் பதில் சொல்லித்தான் ஆக வேண்டும், ஏனென்றால் எங்கள் இலாகா புத்தகங்கள் உடைமை உள்ளவனுக்காக எழுதியவை. நிலம் இல்லாதவர் அதில் சாட்சியாகக்கூட வரமாட்டார். எல்லை சொல்லும்போது 'பறைத்தெருவுக்கு மேற்கு' என்று தெருவாக வருவார், அவ்வளவுதான்.

ஆனால் ஒரு பதிவேடு உங்களுக்காகவே இருக்கிறது. செங்கல்பட்டு கலெக்டராக இருந்த ட்ரெமென்ஹீர் 1891ல் கொடுத்த அறிக்கையின் பேரில், 1892ல் அரசு ஒடுக்கப்பட்ட மக்களுக்கு நிலம் ஒதுக்க உத்தரவிட்டது. பஞ்சமி நிலம் என்றும், கணக்கில் 'டி.சி.' (ஒடுக்கப்பட்டோர் என்பதன் ஆங்கிலச் சுருக்கம்) நிலம் என்றும் சொல்வார்கள். வேறு சாதியாருக்கு விற்கக் கூடாது என்ற நிபந்தனையோடு கொடுத்தது. இன்று உங்கள் குடும்பத்திடம் ஒரு சென்ட் இல்லை என்பதால் அன்று கொடுக்கவே இல்லை என்று ஆகாது. கைமாறிப் போனவை ஏராளம். உங்கள் கிராமத்தின் நிலங்களைப் பட்டியலிடும் 'அ' பதிவேட்டையும் பழைய செட்டில்மெண்ட் பதிவேட்டையும் வாங்கி, குறிப்புக் கட்டத்தில் டி.சி. என்று எழுதிய சர்வே எண்களைப் பாருங்கள். ஒப்படை பெற்றவர்கள் பெயரில் உங்கள் பாட்டனார் இருக்கலாம். இருந்தால் வம்சாவளி மட்டுமல்ல, ஒரு வழக்கும் உங்கள் கைக்கு வரும். நல்ல வக்கீலாகப் பாருங்கள்.

அப்புறம் தேவாலயம். குடும்பத்தில் யாராவது ஒரு கிளை எப்போதாவது வேதத்தில் (கிறிஸ்தவத்தில்) சேர்ந்ததுண்டா? ஞானஸ்நானப் பதிவேட்டில் அப்பா பெயர், அம்மா பெயர், ஊர், தேதி எல்லாம் இருக்கும். நிலம் வைத்திருந்தாயா என்று பாதிரியார் கேட்கமாட்டார். நீங்கள் இந்துவாகவே இருந்தாலும் பெரியப்பா வழிக் கிளையின் பதிவு உங்கள் பூட்டன் பெயரைச் சொல்லிவிடும். பங்குத் தந்தையிடமோ போதகரிடமோ நேரில் போய்ப் பணிவாகக் கேளுங்கள், தொலைபேசியில் வேலை நடக்காது.

பண்ணையை விட்டு வெளியே போனவர் யார் என்று பெரியவர்களைத் துருவுங்கள். கோலார் தங்கவயலுக்குப் போனவர், தென்னிந்திய ரயில்வேயில் கேங்மேனாக இருந்தவர், பட்டாளத்தில் சேர்ந்தவர், ரங்கூனுக்கோ மலாயாவுக்கோ போனவர். ஒருவர் வெளியே போயிருந்தாலும் சம்பளம் கொடுத்தவன் பெயர் எழுதியிருப்பான். பென்ஷன் வாங்கியிருந்தால் வாரிசு பெயர்களும் சேர்ந்து வரும்.

எனக்கு மிகவும் பிடித்த பதிவேடு 1952 தேர்தலின் வாக்காளர் பட்டியல். அதற்கு முந்தைய தேர்தல்களில் சொத்தோ வரியோ படிப்போ உள்ளவனுக்குத்தான் ஓட்டு. 1952ல் வயது வந்த எல்லோருக்கும். உங்கள் தாத்தாவும் அவர் வேலை செய்த பண்ணைக்காரரும் ஒரே பட்டியலில் வரிசை எண் போட்டு நிற்கிறார்கள், அப்பா பெயரோடு, வயதோடு. அந்த வயதிலிருந்து அப்பாவின் காலத்தைக் கணக்குப் போடலாம். பழைய பட்டியல் எல்லா ஊருக்கும் மிஞ்சவில்லை. மாவட்டத் தேர்தல் பிரிவில் மனு போட்டுக் கேளுங்கள், 'இல்லை' என்றால் அதையும் எழுத்தில் வாங்குங்கள்.

இன்னொன்று, அரசாங்கத்தில் இல்லாதது. ஊர்க் கோவிலில் தலைக்கட்டு வரி எழுதும் நோட்டு உங்கள் தெருவில் யார் வீட்டிலோ இருக்கும். மொய் நோட்டும் அப்படித்தான். ஐந்து ரூபாய் மொய் வைத்தவர் பெயர், அவர் அப்பா பெயர், ஊர் மூன்றையும் எந்தக் குமாஸ்தாவும் மொய் எழுதுகிறவரைப் போலக் கவனமாக எழுதமாட்டார். திருப்பிச் செய்ய வேண்டிய பணமாயிற்றே! பழைய கல்யாணத்து மொய் நோட்டு ஒன்று கிடைத்தால், யார் யார் எந்த ஊரிலிருந்து வந்தார்கள் என்று பார்த்தே பெண் எடுத்த ஊர், கொடுத்த ஊர் எல்லாம் பிடித்துவிடலாம்.

என் அப்பா 1970ல் சாஸ்திரி ஒப்பந்தத்தில் இலங்கையிலிருந்து வந்தவர். ஹட்டன் பக்கத்தில் தோட்டம். பாட்டன் எந்த ஊரிலிருந்து போனார் என்று அவருக்கே தெரியவில்லை, 'திருச்சி ஜில்லா' என்று மட்டும் சொல்வார். தேட வழி உண்டா?
— வாசகி, கோத்தகிரி

உண்டு. உங்கள் விஷயத்தில் இரண்டு அரசாங்கமும் போட்டி போட்டுக்கொண்டு எழுதியிருக்கின்றன, உங்களை அடுத்தவன் தலையில் கட்டுவதற்காக.

வீட்டிலிருந்து தொடங்குங்கள். அப்பா வரும்போது கொண்டுவந்த இந்தியப் பாஸ்போர்ட், மறுவாழ்வுக்கான குடும்ப அட்டை இரண்டையும் தேடி எடுங்கள். மண்டபம் முகாம் முத்திரையோடு டிரங்குப் பெட்டியில் இருக்கும். தூக்கிப் போட்டிருக்கமாட்டார்கள், ஏனென்றால் கடன் உதவிக்கும் வேலைக்கும் அதைத்தான் கேட்டார்கள்.

அடுத்து அப்பாவின் பிறப்புச் சான்றிதழ். தோட்டத்துப் பிறப்புகளை இலங்கையில் ஒழுங்காகப் பதிந்திருக்கிறார்கள். அந்த மாவட்டப் பிரதேச செயலகத்தில் நகல் கேட்கலாம். இலங்கைப் பிறப்புச் சான்றிதழில் நம் ஊரில் இல்லாத ஒரு கட்டம் வரும். பாட்டனார் இலங்கையில் பிறந்திருந்தால் அவர் பெயர், பிறந்த வருஷம், இடம். அப்பா இலங்கையில் பிறக்காதவர் என்றால் பூட்டனாரைப் பற்றியும் கேட்கும். யாருக்கு இவ்வளவு அக்கறை என்று நினைக்கிறீர்களா? 1948 குடியுரிமைச் சட்டம் வம்சாவளியைக் கேட்டது. பேரனுக்கு இடமில்லை என்று சொல்லத் தாத்தாவின் பிறந்த ஊர் தேவைப்பட்டது. அதன் பிறகு 1949 சட்டப்படி விண்ணப்பித்தவர்கள், 1946 ஜனவரி 1க்கு முன்பு விடாமல் அங்கே வாழ்ந்ததை நிரூபிக்க வேண்டும்: கல்யாணமானவருக்கு 7 ஆண்டு, ஆகாதவருக்கு 10 ஆண்டு. அதற்காகத் தோட்டத்துச் செக்ரோல் (வருகை, கூலிப் பதிவேடு), பள்ளிக்கூடச் சான்று என்று கட்டுக் கட்டாகக் கொடுத்தார்கள். உங்கள் பாட்டனும் விண்ணப்பித்திருக்கக்கூடும். அந்த நகல்கள் ஏதாவது ஒரு பெரியப்பா வீட்டில் இருக்கும். 1964 அக்டோபரில் நம் பிரதமர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவும் போட்ட ஒப்பந்தத்தில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பிரித்தார்கள். மிச்சம் 1,50,000 பேரை 1974ல் ஆளுக்குப் பாதி. உங்கள் அப்பா முதல் எண்ணில் ஒருவர்.

'திருச்சி ஜில்லா' என்றால் இன்றைய திருச்சி அல்ல. கரூரும் பெரம்பலூரும் அரியலூரும் 1995 வரை அதில்தான். இவ்வளவு பெரிய பரப்பில் ஊரைப் பிடிக்க ஒரே குறுக்கு வழி கங்காணி, அதாவது தோட்டத்துக்கு ஆள் திரட்டி அழைத்துப் போனவர். கங்காணி யாரோ முன்பின் தெரியாதவர்களைக் கூட்டிப் போகவில்லை. தன் ஊர், தன் சாதி, பெண்டாட்டி ஊர் என்றுதான் ஆள் திரட்டினார். ஆகவே பாட்டனின் கங்காணி பெயர் என்ன, அதே லயத்தில் (தோட்டத்து வரிசை வீட்டில்) பக்கத்துக் காம்பராவில் (அறையில்) இருந்தவர்கள் எந்த ஊர்க்காரர்கள் என்று அப்பாவிடம் கேளுங்கள். சொந்த ஊர் மறந்துபோனவருக்கும் கங்காணியின் ஊர் மறக்காது. திட்டுவதற்காகவாவது ஞாபகம் வைத்திருப்பார். முசிறி, துறையூர்ப் பக்கம் விசாரிக்கும்போது அந்தப் பெயரைச் சொல்லுங்கள். கங்காணி வீடு கொஞ்சம் வசதியாக நிலம் வாங்கியிருக்கும், அதனால் அவர் எங்கள் புத்தகத்தில் இருப்பார்.

அப்பாவுக்கு வயதாகிவிட்டது என்று எழுதியிருக்கிறீர்கள். சான்றிதழுக்கு மனு போடுவதை அடுத்த மாதம் பார்க்கலாம், கங்காணி பெயரை இன்றைக்கே கேளுங்கள்.

என் பாட்டியின் அண்ணன் இரண்டாம் உலகப் போரில் பர்மாவில் இறந்துவிட்டார். கடிதம் ஒன்று வந்ததாம், தொலைந்துவிட்டது.
— வாசகர், வேலூர்

காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் இணையதளத்தில் இலவசமாகத் தேடலாம். பர்மாவில் இறந்து கல்லறை இல்லாதவர்களின் பெயர்கள், ரங்கூனுக்கு வடக்கே தவுக்கியானில் உள்ள நினைவுத் தூண்களில் சுமார் 27,000 இருக்கின்றன. இந்து வீரர்களைத் தகனம் செய்ததால் அவர்கள் பெயர்களும் நினைவுச் சின்னத்தில்தான் இருக்கும், தனிக் கல்லறை தேடாதீர்கள். பல பதிவுகளில் 'இன்னார் மகன், இன்ன ஊர்' என்றும் இருக்கும். தமிழ்ப் பெயரை இங்கிலீஷில் நாலைந்து விதமாக எழுதிப் பாருங்கள். ரெஜிமெண்ட் தெரிந்தால் அதை வைத்து வடிகட்டுங்கள். இறந்தவர்கள் மட்டுமே அதில் இருப்பார்கள். உயிரோடு திரும்பியவருக்கு அவருடைய ரெஜிமெண்டின் ஆவண அலுவலகத்துக்கு எழுத வேண்டும்.

தாத்தா பெட்டியில் ஒரு பழைய பத்திரம். 'விரோதி வருஷம் தை மாதம்', 'பசலி 1299', 'ஷை', 'பிதுரார்ஜிதம்' என்றெல்லாம் இருக்கிறது. இது 1890ஆ 1950ஆ? இதை வைத்து மேலே எப்படிப் போவது?
— வாசகர், கும்பகோணம்

1890 ஜனவரி அல்லது பிப்ரவரி. விரோதி 60 வருஷத்துக்கு ஒரு முறை வரும், அதனால்தான் உங்களுக்குக் குழப்பம். பசலி என்பது நிலவரிக் கணக்கு ஆண்டு, அதோடு 590ஐக் கூட்டுங்கள்: 1889. பசலி வருஷம் ஜூலையில் தொடங்கி ஜூனில் முடியும், தை அதில் இரண்டாம் பாதி, அதனால் 1890. 1950 என்றால் பசலி 1359 என்று இருந்திருக்கும். 'ஷை' என்றால் மேற்படி. 'பிதுரார்ஜிதம்' என்றால் முன்னோர் வழி வந்த சொத்து. ஆகவே எழுதிக்கொடுத்தவரின் அப்பாவுக்கும் அதே நிலம் இருந்திருக்கிறது. இன்னும் ஒரு தலைமுறை மேலே போக அந்த ஒரு சொல் போதும்.

பத்திரத்தைத் திருப்பிப் பாருங்கள். பின்பக்கத்தில் 1 புத்தகம், இத்தனையாவது வால்யூம், இத்தனையாவது பக்கம், நம்பர் என்று எங்கள் ஆட்கள் எழுதியிருப்பார்கள். கீழே அடையாளம் சொன்ன இரண்டு பேரின் பெயரும் அப்பா பெயரும் இருக்கும். அவர்கள் பெரும்பாலும் மைத்துனரோ பங்காளியோதான், குறித்துக்கொள்ளுங்கள். இணையத்தில் வில்லங்கம் கடந்த சில பத்தாண்டுகளுக்குத்தான் கிடைக்கும். அதற்கு முந்தையது சார்பதிவகத்தில் கையால் தேட வேண்டும். 1 புத்தகத்தை யார் வேண்டுமானாலும் கட்டணம் கட்டிப் பார்க்கலாம். சட்டத்தின் 57ஆம் பிரிவு அந்த உரிமையைக் கொடுக்கிறது, 'நீங்கள் யார், எதற்கு' என்று யாராவது கேட்டால் பிரிவு எண்ணைச் சொல்லுங்கள். உயில் எழுதும் 3 புத்தகம், எழுதியவர் இறந்த பிறகுதான் திறக்கும். உங்கள் விஷயத்தில் அது தடையில்லை. சர்வே எண் தெரியாவிட்டால் பெயர் வரிசைச் சுட்டியில் தேடச் சொல்லி மனுவில் தெளிவாக எழுதுங்கள். பெயருக்கு ஒரு சுட்டி, சொத்துக்கு ஒரு சுட்டி தனித்தனியாக இருக்கின்றன. சொத்துச் சுட்டியை மட்டும் பார்த்துவிட்டு 'ஒன்றும் இல்லை' என்று அனுப்பிவிடுவார்கள்.

கடிதத்தின் கடைசியில், கிழிந்துபோகாமல் இருக்க லேமினேட் செய்யப் போவதாக எழுதியிருக்கிறீர்கள். வேண்டாம். சூட்டில் பழைய காகிதம் பிளாஸ்டிக்கோடு ஒட்டிக்கொள்ளும், பிறகு பிரிக்கவே முடியாது. இரண்டு பக்கமும் போட்டோ எடுத்துக்கொண்டு, வெள்ளைத் துணியில் சுற்றி மடிக்காமல் வையுங்கள்.